படைத்தவள் பெயர் எங்கே?

தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளல் அறிவுடையார்க்கு ஆகாது என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே இதனை ஐயத்துக்கிடமின்றி உரைத்திருக்கிறார். எவரும் ஆக்காததை ஆக்கிப் பல துறைகளையும் முடித்த வல்லவனாயினும், தன் நூலுக்குத் தானே சிறப்புரை செய்துகொள்ளல் தகுதியன்று என்பது அவர் தீர்ப்பு. நம் பெண்மக்களில் ஒருத்தி தான் வரைந்த ஓவியத்தின் மூலையிலே தன் பெயரை எழுதினாலும், தன் கண்காட்சிக்குத் தானே அழைப்பு விடுத்தாலும், தன் நூலைத் தானே நாலு பேருக்கு எடுத்துச் சொன்னாலும் முகஞ்சுழிக்கின்ற பெரியோர்கள் இந்த விதியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள் போலும்.

ஆனால் அவர்கள் நன்னூலைப் பாதிவழியில் மூடிவிட்டார்கள். அதற்கு அடுத்த சூத்திரத்திலேயே அந்தச் சமண முனிவர் விலக்கும் கூறியிருக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையிலே வென்றாக வேண்டிய வேளையிலும், எதிரி தன்னைப் பழித்தவிடத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளல் தகும் என்பது அச்சூத்திரத்தின் பொருள். நாவலர் பெருமான் காண்டிகையுரையோடு பதிப்பித்த நூல் அது. யாழ்ப்பாணத்திலே எத்தனையோ தலைமுறை மாணவர் அதனை மனப்பாடஞ் செய்தனர். மனப்பாடஞ் செய்தவர்களுக்கு முதற் சூத்திரம் மட்டும் நினைவில் நின்று, அடுத்தது மறந்துபோனது ஏன்?

"தன் ஆற்றலை அறியாதாரிடை" என்ற அந்த ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண் புலவனுக்கு அது வேற்றூர் போனால் நேர்கின்ற நிலை. பெண்ணுக்கோ அது பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நாள்தோறும் உள்ள நிலை. அவள் கைத்திறனை அடுக்களையோடு சேர்த்து எண்ணிப் பழகியவர்களிடையே அவள் வாழ்கிறாள். ஆகவே நன்னூலார் கொடுத்த உரிமை எவருக்கேனும் முழுமையாகப் பொருந்துமானால் அது பெண் கலைஞருக்கே பொருந்தும் என்போம்.

பெயர் பொறித்தல் பெண்மைக்கு மாறானது என்று கூறுவாரும் உளர். அவர்கள் திருமுறையைத் திறந்து பார்ப்பார்களாக. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களின் நிறைவிலே காரைக்காலம்மையார் தம்மைக் காரைக்காற் பேய் என்று சொல்லி முத்திரையிட்டிருக்கிறார். திருஞானசம்பந்தரின் திருக்கடைக்காப்பு எழுவதற்கு முன்னரே இட்ட முத்திரை அது. தந்தை பெயரும் இல்லை. கணவன் பெயரும் இல்லை. ஊரும் தாமும் மட்டுமே. வைணவத்திலே கோதை நாச்சியார் தம் திருமொழிகளின் கடைசிப் பாட்டுக்களிலே வில்லிபுத்தூரையும் தந்தையாரையும் கூறித் தம் பெயரையும் கூறினார். இறைவன் திருமுன் நின்று பாடும்போதுகூட, இது நான் பாடியது என்று சொல்ல இவ்விருவரும் நாணவில்லை. அவர்களைத் தற்பெருமைக்காரிகள் என்று சொல்லத் துணிந்த உரையாசிரியரை நாம் கண்டதில்லை.

நம் வாசகரிற் பலர் கமக்காரர். பலர் உத்தியோகத்தர், வைத்தியர், சட்டத்தரணிகள். கமக்காரர் தம் மாட்டுக்குக் குறி சுடுகிறார். மேய்ச்சற் தரையிலே நூறு மாட்டிடையே தம் மாட்டை அடையாளங் காண்பதற்கும், கள்வன் கொண்டுபோனால் வழக்கிலே நிற்பதற்கும் அக்குறி வேண்டும். அதனைத் தற்புகழ்ச்சி என்று ஊரார் நகைப்பதுண்டா? சட்டத்தரணி தம் படலையிலே பெயர்ப்பலகை தொங்கவிடுகிறார். பட்டங்களையும் ஒன்றுவிடாமல் எழுதுவிக்கிறார். அதுவும் பெருமையடித்தலன்று, தொழிலுக்கு வேண்டியது என்கிறோம். இவற்றிலெல்லாம் கண்ட நியாயம் ஒரு பெண்ணின் தூரிகைக்கு வரும்போது மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

பெயரில்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும், நல்ல பொருள் தானே நிலைக்கும் என்பார்க்கு ஒல்லாந்து தேசத்துச் செய்தி ஒன்றைச் சொல்லுவோம். ஒல்லாந்தரை நாம் அறிவோம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர்கள். நம் பாட்டன்மாரின் காணிகளையும் தலைகளையும் எண்ணித் தோம்பிலே பதிந்தவர்கள். 1707இல் நம் தேசவழமையை எழுத்திலே வடித்தவர்கள். பனைமரத்தைக்கூட எண்ணாமல் விடாத அந்தக் கணக்குப்பிள்ளைச் சாதியார், தம் சொந்த நாட்டிலே ஒரு பெண்ணின் பெயரை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைத்துவிட்டிருந்தனர்.

அவள் பெயர் யூடித் லெய்ஸ்டர். ஹார்லெம் நகரிலே 1609இல் பிறந்தவள். தந்தையார் மதுவடிக்கும் தொழில் செய்தவர். லெய்ஸ்டர் என்பது மாலுமிக்கு வழிகாட்டும் விண்மீனைக் குறிக்கும் சொல். அந்த மதுச்சாலையின் பெயரே குடும்பப் பெயராயிற்று. இந்தப் பெண் பத்தொன்பது வயதிலேயே ஊர்வரலாறு எழுதிய ஒருவரின் வாயாற் பாராட்டுப் பெற்றாள். 1633இல் அந்நகர ஓவியர் சங்கத்திலே தன் சொந்தப் பெயரிலே தலைமையோவியராகச் சேர்ந்தாள். சொந்தப் பட்டறை வைத்தாள். ஆண்பிள்ளைகள் அவளிடம் தொழில் பழக வந்தனர். அவர்களில் ஒருவன் சில நாளிலேயே அவளை விட்டு, அக்காலத்துப் பெரும் ஓவியரான பிரான்ஸ் ஹல்ஸ் என்பவரின் பட்டறைக்குப் போய்விட்டபோது, பெரியவரோடு ஏன் பகை என்று அவள் வாளாவிருக்கவில்லை. 1635இல் சங்கத்தின் முன் வழக்குக் கொண்டுபோனாள். கேட்ட தொகை முழுதும் கிடைக்கவில்லையாயினும் ஒரு பகுதி கிடைத்தது. இத்தகையவள் தன் படங்களிலே குறியிடாமல் விடுவாளா? தன் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டையும் ஒன்றோடொன்று பின்னி, அதன் பக்கத்திலே ஒரு விண்மீனையும் பொறித்தாள். அதுவே அவள் முத்திரை.

அவள் தன்னைத் தானே வரைந்த படமொன்று இன்று வாசிங்டன் நகரத்துத் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. தொழிற்கோலத்தை விட்டு, விறைத்த பெருங்கழுத்துப் பட்டியும் நல்லுடையும் அணிந்து, தூரிகைப் பிடி கையில் இருக்க, பார்ப்பவரைத் திரும்பி நோக்கி வாய்திறந்து சிரிக்கிறாள். பக்கத்துப் பலகையிலே அரைகுறையாக நிற்பது பிடில் வாசிக்கும் ஒருவனின் உருவம். ஆராய்ச்சியாளர் கதிர்களைச் செலுத்திப் பார்த்தபோது, அந்தப் பிடில்காரன் இருக்குமிடத்திலே முதலில் ஒரு பெண்முகம் வரையப்பட்டிருந்தது தெரியவந்தது. பெண்முகத்தை அழித்துப் பிடில்காரனை ஏன் வைத்தாள்? அவள் விற்றுவந்த களிப்பாட்டப் படங்களின் மாதிரி அவன். வருகின்றவர்க்கு, இதோ நான், இதோ என் சரக்கு, என்று ஒரே படத்திலே காட்டிவிட்டாள். சந்தையிலே தன் புகையிலைக் கட்டைப் பிரித்து இலையை விரித்துக் காட்டுகின்ற கமக்காரனுக்கு இந்தச் சாதுரியம் நன்கு விளங்கும்.

1636இல் அவள் மொலெனார் என்ற ஓவியரை மணந்தாள். ஐந்து பிள்ளைகள் பிறந்தன. அதன் பின் அவள் முத்திரையோடு கிடைக்கின்ற படங்கள் மிகச் சிலவே. கணவரின் பட்டறைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் அவள் கையிலிருந்தன. 1660இல் மாண்டாள். கணவரும் மாண்ட பின்னர் எடுத்த சொத்துப் பட்டியலிலே அவள் வரைந்த படங்கள், இறந்தவரின் மனைவி வரைந்தவை என்று எழுதப்பட்டன. சங்கத்திலே சொந்தப் பெயரில் ஏறியவள் கடைசியில் யாரோ ஒருவரின் மனைவியாக மட்டும் எஞ்சினாள். பெயர் போன பின் படங்களுக்குப் புதிய சொந்தக்காரர் தேவைப்பட்டனர். மகிழ்ச்சியும் சிரிப்பும் நிறைந்த ஹார்லெம் நகரத்துப் படமா, அது ஹல்ஸின் படமாகத்தான் இருக்கவேண்டும் என்று வணிகர் முடிவுகட்டினர். ஹல்ஸ் என்றால் விலை ஏறும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நம் நாட்டுச் சட்டத்திலே, பிறர் காணியைப் பத்தாண்டுகள் எதிர்ப்பின்றி ஆண்டுவந்தவனுக்கு ஆட்சியுரிமை பிறக்கும் என்றொரு விதி உண்டு. ஹல்ஸின் பெயர் லெய்ஸ்டரின் வளவை ஆண்டது பத்தாண்டன்று, இருநூற்றாண்டுக்கு மேல்! ஆனால் வேலிக்கல் பிடுங்கப்படாமல் இருந்தது. 1892ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே, ஹல்ஸின் படமென்று பெருவிலைக்கு விற்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றி வணிகரிடையே வழக்கு மூண்டது. 1893இல் ஹோப்ஸ்டெட் டி குரூட் என்ற ஒல்லாந்து அறிஞர் அதிலிருந்த பின்னலெழுத்தையும் விண்மீனையும் ஆராய்ந்து, இது யூடித் லெய்ஸ்டரின் கைப்பணி என்று நாட்டினார். அந்த அடையாளத்தைக் கொண்டு வேறு பல படங்களும் ஒவ்வொன்றாக அவளிடம் மீண்டன. நாம் மேலே சொன்ன தன்னுருவப் படமும் ஒருகாலத்தில் ஹல்ஸின் பெயரில் வழங்கியதே.

இந்த வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும். படம் மாறவில்லை, கோடு மாறவில்லை, வண்ணம் மாறவில்லை. வரைந்தவள் பெண் என்று தெரிந்ததும் படத்தின் விலை குறைந்தது! நேற்றுவரை மேதையின் கைவண்ணம் என்று வியந்த வாய்கள் இன்று அடங்கிவிட்டன. நல்ல பொருள் தானே நிலைக்கும் என்று சொல்வோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்? பொருள் நிலைத்தது உண்மை. உரியவள் நிலைக்கவில்லை. மீண்டு வந்ததற்கும் காரணம் அவள் அன்றே இட்டுவைத்த அந்தச் சின்னஞ்சிறு விண்மீன் அன்றோ? அடக்கத்தின் பொருட்டு அவள் அதனை விட்டிருந்தால் ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சியும் வீணாகியிருக்கும்.

அதே நூற்றாண்டில் இத்தாலியிலே ஆர்தெமீசியா ஜென்திலெஸ்கி என்றொரு மாது இருந்தாள். 1616இல் புளோரன்ஸ் நகர ஓவியர் கழகம் ஏற்றுக்கொண்ட முதற் பெண் அவள். சிசிலித் தீவின் மெசினா நகரிலிருந்த அந்தோனியோ ருப்போ என்ற பிரபுவுக்கு 1649ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவள் எழுதிய கடிதங்கள் இன்றும் உள. விலையைக் குறைக்கமாட்டேன் என்று பிரபுவோடு வாதாடுகிறாள். ஒரு பெண்ணால் என்ன முடியும் என்று காட்டுவேன் என்கிறாள். படத்தின் மாதிரி வரைபை முன்கூட்டி அனுப்பமாட்டேன் என்றும் மறுக்கிறாள். ஏனென்றால், முன்னொரு மதகுரு அவளிடம் வரைபைப் பெற்றுக்கொண்டு, அதனைக் குறைந்த கூலிக்கு வேறொருவனைக் கொண்டு படமாக்குவித்திருந்தார். நான் ஆணாயிருந்தால் இப்படி நடந்திராது என்ற கருத்தையும் அவள் மனக்குமுறலோடு எழுதியிருக்கிறாள். நன்னூலார் சொன்ன அரசவைக்கு எழுதும் ஓலை இதுதான். பவணந்தியாரை அவள் படித்திருக்க முடியாது. தேவையுமில்லை, நிலைமையே இலக்கணத்தைக் கற்பித்தது.

இவையெல்லாம் பழங்கதை, இன்று உலகம் திருந்திவிட்டது என்று நினைப்பார்க்கு ஒரு அமெரிக்க வழக்கையும் எடுத்துக்காட்டுவோம். பெருங்கண்களை அகல விழித்து நிற்கும் ஏழைக் குழந்தைகளின் படங்கள் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டிலே இலட்சக்கணக்கில் அச்சாகி விற்பனையாயின. படங்களின் மூலையிலே கீன் என்ற கையெழுத்து இருந்தது. வால்டர் கீன் என்பவர் அவற்றைத் தம் படைப்பென்று சொல்லிப் புகழும் பொருளும் ஈட்டினார். உண்மையில் வரைந்தவள் அவர் மனைவி மார்கரெட். அவளும் கீன்தானே! கணவனின் குடும்பப் பெயரை மட்டும் எழுதியதனால், கையெழுத்து இருந்தும் இல்லாததாயிற்று. வீட்டுக்குள்ளே அடைபட்டு அவள் வரைந்தாள். வெளியிலே அவர் பேட்டி கொடுத்தார். பத்தாண்டளவு இந்தப் பொய்யை அவள் அச்சத்தினாற் காத்தாள். 1965இல் மணவிலக்குப் பெற்று, 1970இல் வானொலியிலே உண்மையை வெளியிட்டாள். இருவரும் ஊரறிய வரைந்து காட்டுவோம் என்று சான் பிரான்சிஸ்கோ நகரச் சதுக்கத்திலே ஏற்பாடாயிற்று. அவள் வந்தாள், அவர் வரவில்லை.

அவர் பொய்யை விடாமற் சொல்லிவரவே, வழக்கு 1986இல் ஹவாய்த் தீவின் ஹொனலூலு நீதிமன்றத்துக்கு வந்தது. நடுவர் முன்னிலையிலேயே இருவரும் ஒரு பெருங்கண் படம் வரைய வேண்டும் என்றனர். ஐயா அவர்களுக்குத் தோளிலே நோவு கண்டுவிட்டதாம்! மார்கரெட் 53 நிமிடத்திலே வரைந்து முடித்தாள். நாற்பது இலட்சம் டொலர் நட்டஈடு என்று சான்றாயம் கூறியது. 1990இல் மேன்முறையீட்டு மன்றம் அத்தொகையை நீக்கிய போதிலும், அவதூறு நிகழ்ந்தது என்ற தீர்ப்பை நிலைநிறுத்தியது. அவள் 2022இல் 94 வயதில் மறைந்தாள். அந்தப் படங்கள் உயர்ந்த கலையா, மலிவுச் சரக்கா என்பதில் விமரிசகர்கள் இன்றும் மாறுபடுகிறார்கள். எமக்கும் அவற்றில் அத்துணை மயக்கமில்லை. கேள்வி அதுவன்று, கலை எத்தரமாயினும் உழைத்தவளுக்கு உரியது அவளுக்கே உரியது.

இனி நம் வளவுக்குள் வருவோம். திருமதி என்று தொடங்கிக் கணவரின் பெயரோடு முடிகின்ற வழக்கம் நம்மிடையே எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பாடசாலை விழா மலரிலே கோலமும் முகப்போவியமும் வரைந்தவள் "திருமதி இன்னார்" ஆகிறாள். அந்த இன்னார் தூரிகையைத் தொட்டும் அறியாதவர். பனையோலைச் சார்விலே சாயமேற்றி, அடுக்குப்பெட்டியும் நீத்துப்பெட்டியும் குட்டானும் இழைத்து வைக்கின்ற பெண்களின் கை ஒவ்வொன்றும் வெவ்வேறு கை. எந்தப் பெட்டி எவள் இழைத்தது என்று அயலார் பின்னலைப் பார்த்தே சொல்லுவர். கொழும்பிலே கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டோடு வைக்கும்போது அது பெயரற்ற "யாழ்ப்பாணக் கைப்பணி" ஆகிவிடுகிறது. ஊர்ப்பெயர் இருக்கட்டும், நமக்குப் பெருமைதான். அதனருகே ஆட்பெயருக்கு ஓர் அங்குல இடமும் இல்லையா?

துணிந்தவர்களும் இருந்தார்கள். மங்களநாயகம் தம்பையா அம்மையார் 1914இல் தம் பெயரிலேயே "நொறுங்குண்ட இருதயம்" என்னும் நாவலை வெளியிட்டார். தமிழகத்திலே வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் "ஜகன்மோகினி"யைத் தாமே நடத்தி, தம் நாவல்களைத் தாமே அச்சிட்டு விற்றார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள்! அடுப்பங்கரை இலக்கியம் என்று எள்ளியோரை அவர் பொருட்படுத்தவில்லை. 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து "சொல்லாத சேதிகள்" என்ற கவிதைத் தொகுதி வெளிவந்தபோது, நம் பெண் கவிஞர் பலர் ஓரட்டைக்குள் ஒருங்கே தம் பெயரோடு நின்றனர். இதற்கிடையில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்ப் பத்திரிகை உலகிலே ஆண்கள் பலர் மனைவியரின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு எழுதினர். ரங்கராஜன் என்பவர் சுஜாதா ஆகிப் பெரும் புகழ் பெற்றார். பெண்ணின் பெயர் ஊரெங்கும் ஒலிக்கலாம், அதன் கீழிருப்பது ஆணின் எழுத்தாயிருந்தால்!

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமா என்று கேட்பர். பூவின் மணம் காற்றடிக்கும் பக்கமே போகும். காற்று இதுவரை எந்தப் பக்கம் அடித்துவந்தது என்பதை மேலே கண்டோம். ஆயினும் எல்லை ஒன்று உண்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். செய்யாததைச் செய்ததாகச் சொல்வதும், பத்து நாளில் ஒரு படம் வரைந்துவிட்டுப் பத்து மாதம் அதைப் பற்றியே முழங்குவதும் ஆணாயினும் பெண்ணாயினும் அருவருப்பே. இன்று கைத்தொலைபேசி வைத்திருப்பவர் எல்லோரும் தம்மைத் தாமே பறைசாற்றுகின்ற காலத்திலே இந்த எச்சரிக்கை எல்லோருக்கும் வேண்டும். ஆனால் பறை முழக்கத்தைக் கண்டிப்பவர்கள், பெயர் எழுதுவதையும் அதனோடு சேர்த்துக் கண்டிப்பதுதான் அநியாயம். விலையைச் சொல்வதும், இது என் கைப்பணி என்பதும், வந்து பாருங்கள் என்பதும் தற்புகழ்ச்சியில் அடங்கா.

மகளுக்குச் சீதனம் எழுதும்போது நாம் எத்தனை விழிப்போடிருக்கிறோம்! நொத்தாரிசின் முன் அமர்ந்து, பரப்பும் குழியும் பிசகாமல், எல்லை நான்கும் விளங்க, மகளின் பெயர் எழுத்துப் பிழையின்றி இருக்கிறதா என்று மும்முறை வாசிப்பிக்கிறோம். தேசவழமையிலே அந்தச் சீதனக் காணியை அவள் விற்பதற்குக் கணவனின் ஒப்புதல் வேண்டுமென்று ஒரு கட்டும் போட்டு வைத்திருக்கிறோம். அது வேறொரு நாளைக்குரிய வழக்கு. தந்தை கொடுத்த காணிக்கு உறுதி வேண்டும் என்பவர்கள், அவளே தன் கையாலும் கண்ணாலும் உண்டாக்கிய பொருளுக்கு உறுதி வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் இதிலே நமக்கு முன்னே போய்விட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பின் பிரதிகளிலே தம் பெயர் விளங்கக் குறிக்கப்படவேண்டும் என்று கேட்கும் உரிமையைப் படைத்தவர்க்குக் கொடுத்திருக்கிறது. காசு பெற்றுக்கொண்டு படைப்பை விற்றுவிட்டாலும் அவ்வுரிமை போய்விடுவதில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்டவளை அடங்காதவள் என்று சொல்லாத சுற்றமும் வேண்டும்.

ஆகவே ஆலய மலர் வெளியிடும் சபையாரும், பாடசாலை அதிபர்களும், கைப்பணிக் கூட்டுறவுச் சங்கத்தாரும் ஒரு காரியம் செய்யலாம். அடுத்த மலரை அச்சுக்குக் கொடுக்குமுன், முகப்போவியம் எவருடையது என்று கேட்டு, அவருடைய சொந்தப் பெயரை ஓவியத்தின் கீழேயே அச்சிடுவிக்கலாம். கடைசிப் பக்கத்து நன்றியுரையிலே கதிரை இரவல் தந்தவர்களுக்குப் பின்னால் அன்று. பெட்டியோடு கட்டும் விலைச்சீட்டிலே இழைத்தவளின் பெயருக்கு ஒரு வரி விடலாம். வாங்குகின்ற நம் வாசகர்கள் விலையைக் கேட்பதற்கு முன் அந்த வரியைப் பார்க்கலாம். வெறுமையாயிருந்தால், இது யார் செய்தது என்று கடைக்காரரிடம் கேட்கலாம்.